ஸ்பெயின் பிள்ளைகளுக்குக் கொடுத்த அனுமதி: ஒரு திருத்தம்

2020 ஏப்ரல் 26 முதல் ஸ்பெயினில், வீட்டில் கொரோனா நோயாளி இருந்தாலும் பிள்ளைகள் வெளியே போகலாம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தேதி சரி, மற்றது சரியில்லைங்க.

14 வயதுக்குட்பட்டவர்கள் பெரியவர் ஒருவருடன், நாளுக்கு ஒரு மணி நேரம், வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் நடக்க அப்போது அனுமதி இருந்தது. பந்தோ ஸ்கூட்டரோ கொண்டுபோக முடிந்தது. ஊரடங்கால் ஆறு வாரம் ஜன்னலோரமே கிடந்த பிள்ளைகளுக்கு அதுவே பெரிய விஷயம். ஆனால் அறிகுறி உள்ள பிள்ளைக்கும், நோய் உறுதியாகித் தனிமைப்படுத்தலில் இருக்கும் பிள்ளைக்கும், நோயாளியோடு தொடர்பு ஏற்பட்டதால் குவாரன்டைனில் இருக்கும் பிள்ளைக்கும் இந்த அனுமதி இருக்கவில்லை; அது உத்தரவிலேயே எழுதியிருக்கிறது.

ஸ்பெயின் அரசிதழின் இணையதளத்தில் 370/2020 என்ற எண்ணுள்ள சுகாதார அமைச்சக உத்தரவைத் தேடுங்கள். சின்ன உத்தரவுதான், மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டால் ஐந்து நிமிடத்தில் படித்துவிடலாம்.