பெண்கள் ஹாஸ்டல் கேட்டும் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டும்

கல்லூரி அட்மிஷன் விளம்பரங்களில் 'பெண்களுக்குத் தனி விடுதி, கண்டிப்பான மேற்பார்வை' என்று ஒரு வரி கண்டிப்பாக இருக்கும். ஆண்கள் விடுதிக்கு அப்படி ஒரு வரி போட்டு நான் பார்த்ததில்லை. கண்டிப்பு என்றால் நடைமுறையில் ஒன்றுதான்: சாயங்காலம் ஆறரைக்கோ ஏழுக்கோ கேட்டைப் பூட்டுவது. பாதுகாப்புக்காகத்தான் என்கிறார்கள். பாதுகாப்பு கிடைக்கிறதா என்பதை அப்புறம் பார்ப்போம். அந்தப் பூட்டு படிப்பை என்ன செய்கிறது என்பதை யாரும் பேசுவதில்லை, அதனால் அதை முதலில் சொல்கிறேன்.

நான் படித்த கல்லூரியில் (பெயர் வேண்டாம், இன்றும் அதே கேட்தான்) ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு நாலு பேர் ஒரு பேட்ச். எங்கள் பேட்ச்சில் இரண்டு பையன்கள், இரண்டு பெண்கள். வகுப்பு முடிய நாலரை ஆகும், லேப் கிடைப்பது அதற்கு மேல்தான். ஆறே காலுக்கு நாங்கள் இருவரும் பையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது இல்லை என்றால் வார்டன் வீட்டுக்கு ஃபோன் போட்டுவிடுவார். ஆனால் சர்க்யூட் மக்கர் பண்ணுவது, சீனியர் எட்டிப் பார்த்து ஒரே வார்த்தையில் பிழையைச் சொல்லிவிட்டுப் போவது, செத்துக் கிடந்தது திடீரென்று ஓட ஆரம்பிப்பது எல்லாம் ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் நடக்கும். எங்கள் பங்குக்கு வந்தது டாக்குமெண்டேஷன். நன்றாக டைப் செய்து, பக்கம் பக்கமாக அலைன்மெண்ட் பார்த்து, ஸ்பைரல் பைண்டிங் போட்டுக் கொடுத்தோம். வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் கேள்வி கேட்டபோது பையன்கள் பதில் சொன்னார்கள். அவர்கள் நல்ல பையன்கள்தான், எங்களிடமிருந்து எதையும் பிடுங்கவில்லை. வேலையைப் பிரித்துக் கொடுத்தது கேட். இதற்கு அப்புறம் ஒரு ஆசிரியர், "பொண்ணுங்க தியரியில நல்லா பண்ணுவாங்க, ப்ராக்டிகல்தான் கொஞ்சம் வராது" என்பார். எப்படி வரும் சார்?

கிண்டி பொறியியல் கல்லூரியில் லலிதா என்ற இளம் விதவை, கையில் ஒரு பெண் குழந்தை இருந்த நிலையில், 1940-ல் படிக்கச் சேர்ந்தார். இந்தியாவின் முதல் பெண் பொறியாளர்களில் ஒருவர் அவர். இன்று கல்லூரிக்குள் நுழைவதில் பெண்களுக்குத் தடை இல்லை. இருட்டிய பிறகும் அங்கே இருப்பதில்தான் தடை.

சரி, பாதுகாப்புக்கு வருவோம். 2024 டிசம்பர் 23 அன்று சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவிக்கு நடந்த பாலியல் வன்கொடுமை எல்லோருக்கும் தெரியும். நடந்தது வளாகத்துக்குள், இரவு எட்டு மணி வாக்கில். குற்றவாளி வெளியாள். 2025 ஜூனில் அவனுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது, குறைந்தது 30 ஆண்டு உள்ளே இருக்க வேண்டும். ஆனால் செய்தி வந்தபோது எத்தனை பேர் கேட்டார்கள், "அந்த நேரத்துல அந்தப் பொண்ணுக்கு அங்க என்ன வேலை?" என்று! அவள் படிக்கிற இடம் ஐயா அது. எஃப்.ஐ.ஆர். வெளியே கசிந்தது. அது எழுதப்பட்டிருந்த விதமே பாதிக்கப்பட்டவளைக் குறை சொல்ல இடம் கொடுக்கிறது என்று சென்னை உயர் நீதிமன்றம் கண்டித்தது. 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடும் கொடுக்கச் சொன்னது.

அந்தக் கேள்வியைக் கேட்கப் பழக்குவதே கேட் டைம்தான் என்பது என் கருத்து. ஒரு நேரத்தை வைத்துவிட்டால், அதற்குப் பிறகு நடக்கும் எதற்கும் வெளியே இருந்தவளே பொறுப்பு. நிர்வாகத்துக்கு இதைவிட மலிவான ஏற்பாடு கிடையாது. வழியெல்லாம் விளக்கு போடக் காசு வேண்டும். சுற்றுச்சுவர் ஓட்டையை அடைக்க, ராத்திரி லைப்ரரியிலிருந்து ஹாஸ்டலுக்கு வண்டி விட, எல்லாவற்றுக்கும் காசு வேண்டும். பூட்டுக்கு எவ்வளவு ஆகிவிடும்?

இதில் வேடிக்கை, விதி நம் பக்கம்தான் இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015-ஆம் ஆண்டு ஒழுங்குமுறை, பாதுகாப்பைக் காரணம் காட்டி ஆண்களுக்கு இல்லாத கட்டுப்பாட்டைப் பெண்கள் விடுதியில் விதிக்கக் கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. பாலியல் புகார்களை விசாரிக்கும் உள்குழுவில், மாணவர் சம்பந்தப்பட்ட வழக்கு என்றால் மாணவப் பிரதிநிதிகள் இருக்க வேண்டும், அவர்கள் தேர்தல் மூலம் வர வேண்டும் என்றும் சொல்கிறது. உங்கள் கல்லூரியில் அப்படி ஒரு தேர்தல் நடந்திருந்தால் கமெண்டில் சொல்லுங்கள், மனசார சந்தோஷப்படுவேன்.

கேரளத்தில் பெண்கள் கோர்ட்டுக்கே போனார்கள். 2019-ல் ஒரு மாணவி, விடுதியில் மாலை ஆறிலிருந்து பத்து வரை செல்போன் கூடாது என்ற விதியை எதிர்த்து வெளியேற்றப்பட்டு, வழக்குப் போட்டு, திரும்ப உள்ளே வந்தார். 2022-ல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரி மாணவிகள் ஒன்பதரை மணிப் பூட்டை எதிர்த்து உயர் நீதிமன்றம் போனார்கள். அங்கே சுகாதாரப் பல்கலைக்கழகம் சொன்ன வாதத்தை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது. மூளை முழுதாக முதிர 25 வயது ஆகும், அதுவரை கட்டுப்பாடு தேவை என்கிற ரீதியில் போனது அது. எம்.பி.பி.எஸ். முடித்து ஹவுஸ் சர்ஜனாக நைட் டியூட்டி பார்க்கும் பெண்ணுக்கு இருபத்து மூன்று வயது இருக்கும். கேஷுவாலிட்டிக்கு வருகிற விபத்துக் கேஸை அவள் கையில் கொடுக்கலாம், டீ குடிக்க வெளியே விடக் கூடாதா? வழக்கு நடக்கும்போதே அரசு உத்தரவு வந்தது. இரண்டாம் ஆண்டு முதல் ஒன்பதரைக்குப் பிறகும் பதிவேட்டில் எழுதிவிட்டு உள்ளே வரலாம், ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒரே விதி. வானம் இடிந்து விழவில்லை.

எதிர்த்தரப்பில் ஒரு வாதத்தை மட்டும் நான் லேசாகத் தள்ள மாட்டேன். கேட் இருப்பதால்தான் பல அப்பா அம்மாக்கள் பெண்ணை வெளியூருக்கு அனுப்புகிறார்கள், இல்லாவிட்டால் உள்ளூரில் ஏதோ ஒரு டிகிரி, இருபத்தொன்றில் கல்யாணம். இது உண்மை. என் அப்பாவும் கேட்டைப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டார். ஆனால் லட்சக்கணக்கில் ஃபீஸ் கட்டச் சொல்லிப் பெற்றோரைப் பேசிப் பேசியே சம்மதிக்க வைக்கிற கல்லூரிகளுக்கு, 'உங்கள் பெண் ஒன்பது மணி வரை லேபில் இருப்பாள், கொண்டு வந்து விட வண்டி இருக்கிறது' என்று சொல்ல மட்டும் ஏன் வாய் வருவதில்லை? வார்டன் மேடமையும் நான் குறை சொல்ல மாட்டேன். பாதிப் பேர் பகலெல்லாம் வகுப்பெடுத்துவிட்டு, கூடுதல் பொறுப்பாக இதைப் பார்ப்பவர்கள். ஏதாவது நடந்தால் முதல் மெமோ அவர்களுக்குத்தான்.

கல்லூரி அட்மிஷன் கவுன்சலிங் வரும் நேரத்துக்கு ஒரு வார்த்தை. பெண்ணோடு கேம்பஸைப் பார்க்கப் போகிறவர்கள், எத்தனை மணிக்குப் பூட்டுவீர்கள் என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். லைப்ரரி எத்தனை மணி வரை, உள்குழுவில் யார் யார், அவர்கள் நம்பர் எங்கே ஒட்டியிருக்கிறது என்று கேளுங்கள். முடிந்தால் இருட்டும் வரை இருந்து, லேபிலிருந்து ஹாஸ்டல் வரை ஒருமுறை நடந்து பாருங்கள். பையனைச் சேர்க்கப் போகிறவர்களும்தான்.