பேக் ஆற்றின் பெயர் 'பின்' என்பதிலிருந்து வந்ததல்ல

கனடாவின் நூனவுட் பகுதியில் ஓடும் பேக் ஆறு, வளைந்து பின்னோக்கித் திரும்புவதால்தான் 'பேக்' (ஆங்கிலத்தில் back, அதாவது 'பின்') எனப்படுகிறது என்று ஒரு பதிவு சொல்கிறது. அது சரியல்ல. பேக் என்பது ஓர் ஆளின் பெயர். பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி ஜார்ஜ் பேக் 1834இல் இந்த ஆற்றின் வழியே ஆர்க்டிக் கரை வரை படகில் சென்றார். அவர் காலத்தில் இது 'பெரிய மீன் ஆறு'.

குழப்பம் ஏன் வருகிறது என்பது புரிகிறது. வடகிழக்காக வரும் ஆறு, பீச்சி ஏரிக்கருகே பாதர்ஸ்ட் வளைகுடாவை நெருங்கி, அங்கே கலக்காமல் தென்கிழக்கே விலகிவிடும். ஆனால் திரும்பி ஓடுவதில்லை. பெல்லி, கேரி ஏரிகளைக் கடந்து மீண்டும் வடக்கே போய் சான்ட்ரி குடாவில் சேர்கிறது. செயற்கைக்கோள் வரைபடத்தில் 67° வடக்கு, 95° மேற்கு என்று தேடி, முகத்துவாரத்திலிருந்து எதிர்த்திசையில் நகர்த்திப் பாருங்கள். கேரி ஏரியில் நீர்ப்பரப்பு பல கிளைகளாகப் பிரியும். பலர் தடத்தை விடுவது அங்கேதான். மேற்குக் கிளையைப் பிடியுங்கள்.

பெயருக்கான சான்று இன்னும் நேரடியானது. ஆர்க்டிக்கில் காணாமற்போன பிரிட்டிஷ் ஃபிராங்க்ளின் பயணக்குழு 1848 ஏப்ரல் 25 அன்று விட்டுச்சென்ற குறிப்பின் படம் இணையத்தில் எளிதில் கிடைக்கும். தாளின் ஓரத்தில் எழுதியிருப்பதன் கடைசி வரியைப் படியுங்கள்: மறுநாள் 'பேக்கின் மீன் ஆறு' நோக்கிக் கிளம்புகிறோம் என்றிருக்கும். அந்த 'பேக்கின்' (Back's) என்பதிலுள்ள வேற்றுமை உருபு, பேக் என்பது ஆளைத்தான் குறிக்கிறது என்று காட்டுகிறது.