சப்வூஃபரை எங்கே வைத்தாலும் ஒன்றுதானா?

அண்ணா, சப்வூஃபர் (பாஸ் என்னும் தாழ்ந்த ஒலிகளுக்கான ஸ்பீக்கர் பெட்டி) பற்றி, “பாஸுக்குத் திசை கிடையாது, சப்வூஃபரை எங்கே வைத்தாலும் ஒன்றுதான்” என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் பாதி ஓரளவு சரி: சுமார் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி வரும் திசையைக் காது எளிதில் பிடிக்காது. ஆனால் பாஸின் அளவு இடத்துக்கு இடம் நிறையவே மாறும். சாட்ஸ்வொர்த்தில் எங்கள் ஹால் 4.3 மீட்டர் நீளம். சுவருக்குச் சுவர் 40 ஹெர்ட்ஸ் அருகே நிலையலை எழும்; அதாவது ஒலி சுவர்களில் பட்டுத் திரும்பி, சில இடங்களில் ஓங்கியும் சில இடங்களில் அடங்கியும் நிற்கும். பாஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த தந்தியும் ஏறக்குறைய அதே, 41 ஹெர்ட்ஸ். பெட்டியை மூலையில் வைத்தபோது அந்தச் சுரம் சுவரோரம் குமுறியது, நடு ஹாலில் காணாமலே போனது. வாங்கிய புதிதில் பெட்டியே பழுதோ என்று கவலைப்பட்டேன்.

சப்வூஃபரை நீங்கள் உட்காரும் இடத்தில் வைத்து, பாட்டைப் போட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து கேளுங்கள். பாஸ் சீராக இருக்கும் இடத்துக்குப் பெட்டியை நகர்த்துங்கள். அப்புறம் ஃபேஸ் சுவிட்ச் (சப்வூஃபரின் அலையை மற்ற ஸ்பீக்கர்களின் அலையோடு ஒத்துப்போக வைப்பது): 0, 180 டிகிரி இரண்டிலும் கேட்டு, பாஸ் நிறைவாக வருவதில் விடுங்கள்.