பீன்யாவுக்கு ஒரு மாணவரை அனுப்புங்கள்

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு வால்வு பாகம் எங்களைப் படாத பாடு படுத்தியது. பெங்களூருவின் பீன்யா தொழிற்பேட்டையில் சின்னப் பட்டறை எங்களுடையது. கம்ப்யூட்டர் ஓட்டும் மூன்று சி.என்.சி. கடைசல் மெஷின், ஒன்பது பேர், பெரிய கம்பெனிகள் கேட்கும் பாகங்களைச் செய்து கொடுக்கும் ஜாப் வொர்க். அந்தப் பாகத்தின் போர், அதாவது உள்துளை, அதன் அளவு பத்து மைக்ரான் வித்தியாசத்துக்குள் நிற்க வேண்டும். ஒரு மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நூறு பீஸ் அனுப்பினால் ஏழெட்டு திரும்பி வந்தது. டூலை மாற்றினோம், மெட்டீரியலை மாற்றினோம், ஆப்பரேட்டர் அண்ணனைத் திட்டக்கூடத் திட்டினேன். இன்றைக்கும் அது எனக்கு வருத்தம்.

அப்போதுதான் தெரிந்த பேராசிரியர் ஒருவர் கடைசி வருட மாணவர் ஒருவரை அனுப்பினார். துமகூருப் பையன். நம் ஆப்பரேட்டர் அண்ணன் தருமபுரிக்காரர், அவருக்கு அரைக் கன்னடம், பையனுக்குத் தமிழ் சுத்தமாகத் தெரியாது. "அண்ணா" என்ற சொல் இரண்டு பாஷையிலும் ஒன்றாக இருந்ததால் பேச்சு ஆரம்பித்தது. அவன் எந்தப் பெரிய கருவியும் கொண்டு வரவில்லை. ஒரு ஸ்டூல், ஒரு கோடு போட்ட நோட்டு. மெஷினிலிருந்து இறங்கும் ஒவ்வொரு பீஸுக்கும் நேரம், துளையை அளக்கும் போர் கேஜ் காட்டிய அளவு, இரண்டையும் மூன்று வாரம் விடாமல் எழுதினான்.

நாலாவது வாரம் நோட்டைக் காட்டினான். தவறிய பீஸ்கள் கிட்டத்தட்ட எல்லாமே காலையில் முதலில் வந்தவை, இல்லையென்றால் டீக்கும் சாப்பாட்டுக்கும் மெஷினை நிறுத்திவிட்டு மறுபடி ஓட்டியபோது வந்தவை. ஓடும்போது மெஷினின் சுழலும் தண்டான ஸ்பிண்டில் சூடாகி விரிகிறது, நிறுத்தினால் ஆறிச் சுருங்குகிறது. சூடான நிலைக்கு நாங்கள் போட்டு வைத்த ஆஃப்செட், அதாவது டூல் நிற்க வேண்டிய இடத்தைச் சரிசெய்யும் எண், ஆறிய மெஷினுக்குப் பொருந்தவில்லை. இடைவேளையிலும் ஸ்பிண்டிலை வெறுமனே ஓட விட்டோம், காலையில் இருபது நிமிடம் வார்ம் அப் கொடுத்தோம். ரிஜக்‌ஷன் ஏறக்குறைய நின்றுவிட்டது. செலவு, கொஞ்சம் கரண்ட். மெஷின் சூடாகும் என்பது எங்களுக்கும் தெரிந்ததுதான். ஆனால் டெலிவரி அவசரத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து எழுத எங்களில் யாருக்கு நேரம் இருக்கிறது?

அதற்கும் முன்னால் வேறொரு கல்லூரி எங்களைக் கூப்பிட்டு ஒப்பந்தம் போட்டது. மைசூர்ப் பேட்டா என்ற தலைப்பாகை, சால்வை, போட்டோ எல்லாம் நடந்தது. அதன் பிறகு வந்தது ஒரே ஒரு போன். நாலு பேருக்கு இன்டர்ன்ஷிப் சர்டிபிகேட் வேண்டும், பிள்ளைகள் வர முடியாது, லெட்டர்ஹெட்டில் அடித்துக் கொடுங்கள் என்றார்கள். மறுத்துவிட்டேன். அந்த நாலு பிள்ளைகளும் வந்திருந்தால் எவ்வளவு கற்றிருப்பார்கள் என்று நினைத்தால் மனசு ஆறவில்லை.

தொழிலின் பிரச்சினையைப் படித்தவர்கள் கையில் கொடுப்பது இந்த ஊருக்குப் புதிய பாடமும் இல்லை. பீன்யாவிலிருந்து மெட்ரோவில் மூன்றாவது நிறுத்தம் சாண்டல் சோப் ஃபாக்டரி. 1914-ல் உலகப் போர் வந்ததும் மைசூர் சமஸ்தானத்தின் சந்தனக் கட்டையை ஏற்றுமதி செய்ய முடியாமல் போனது. கட்டை மலைபோல் தேங்கியது. 1909-ல் தொடங்கிய இந்திய அறிவியல் கழகத்தில் அப்போது இருந்த சட்பரோ, வாட்சன் என்ற இரண்டு வேதியியல்காரர்கள் கட்டையிலிருந்து எண்ணெய் வடிக்கும் முறையை இங்கேயே செய்து பார்த்தார்கள். 1916-லேயே எண்ணெய் ஆலை வந்துவிட்டது, சோப் அதன் பின்னால் வந்தது. தேங்கிக் கிடந்த கட்டையின் பிரச்சினை அப்படியே ஆய்வுக்கூடத்துக்குள் போனது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

அதே கழகத்தில் 1974-ல் அமுல்ய ரெட்டி 'அஸ்த்ரா' என்று ஒரு பிரிவைத் தொடங்கினார். விஞ்ஞானிகள் கிராமத்துக்குப் போய், விறகு எப்படி எரிகிறது என்று பார்த்துப் புகை குறைந்த அடுப்பு செய்தார்கள். கிராமத்து அடுப்படிவரை போக முடிந்தவர்களுக்குப் பீன்யா எட்டாத தூரமா?

இன்றைக்குப் பெரிய கம்பெனிகளுக்கு வழி இருக்கிறது. அவர்களால் கன்சல்டன்சி கட்டணம் கட்ட முடியும், தனி ஆய்வகமே கட்டித்தர முடியும். ஒன்பது பேர் பட்டறைக்கு யாரிடம் போய்க் கேட்பது என்றே தெரியாது. கல்லூரிகளுக்குச் சொல்கிறேன், கடைசி செமஸ்டர் ப்ராஜெக்டை முழுக்கப் பட்டறையில் செய்தால் முழு மதிப்பெண் என்று ஆக்குங்கள். அப்புறம், அந்தப் பேராசிரியர் மாதம் இரண்டு முறை இந்தப் புழுதிக்குள் வந்து போகிறாரே, அதையும் அவர் பதவி உயர்வில் கணக்கில் எடுங்கள். ஆய்வுக் கட்டுரைகளை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் நல்ல மனசுக்காரர்கள்கூட எத்தனை நாள் வருவார்கள்?

எங்கள் பக்கமும் தவறு இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். டிராயிங் வெளியே போய்விடும் என்று பயந்து பிள்ளைகளை வாசலிலேயே நிறுத்துகிறோம். பயம் நியாயமானதுதான், வாடிக்கையாளரிடம் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். நான் கம்பெனி பெயரை மறைத்து, அந்த ஒரு போர் மட்டும் இருக்கும் நகலை அவனிடம் கொடுத்தேன். அது போதுமானதாக இருந்தது.

அந்த நோட்டு இன்னும் மெஷின் பக்கத்தில் தொங்குகிறது. இப்போது அண்ணன் அதில் வேறொன்றை எழுதி வருகிறார். ஞாயிறு முழுக்க மெஷின் சும்மா நின்றால் திங்கட்கிழமை காலையில், வெட்டும்போது சூட்டைக் குறைக்க ஊற்றும் கூலன்ட் அழுகின முட்டை மாதிரி நாறுகிறது. சில வாரம் அதிகம், சில வாரம் குறைவு, ஏன் என்று புரியவில்லை. பாக்டீரியா வேலை என்கிறார்கள். மைக்ரோபயாலஜி படிக்கிற பிள்ளை யாராவது இருந்தால் சொல்லுங்கள். பீன்யா ஸ்டேஷனில் இறங்கினால் நடக்கிற தூரம்தான், ஸ்டூலும் நோட்டும் நாங்கள் தருகிறோம்.