அந்தப் புள்ளைக்குத் தெரியுமா?

ஞாயிற்றுக்கிழமை திரையிடலில் நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் மூன்று நாளாக இருந்தேன். வந்தவர்களுக்குத் தெரியும், வராதவர்களுக்கு இதற்குள் யாராவது சொல்லியிருப்பார்கள். ஆனால் நேற்று இரவு ஒருவர் போன் செய்து, "ஏன் அப்படி ஒரு படத்தைப் போட்டீங்க? பாதியிலேயே சஸ்பென்ஸை உடைச்சிட்டானே" என்று கேட்டார். அதற்கு மேல் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை.

சஸ்பென்ஸ் அங்கே உடையவில்லை. அங்கேதான் ஆரம்பிக்கிறது. அன்றைக்கே இதைச் சொன்னேன், சிரித்தீர்கள்.

போட்ட படம் 1958இல் ஹிட்ச்காக் எடுத்த 'வெர்டிகோ'. அதில் நாயகி ஓட்டல் அறையில் தனியாக உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதுகிறாள். நடந்த உண்மை முழுவதையும் அதில் கொட்டிவிடுகிறாள். அப்புறம் அதைக் கிழித்துப் போடுகிறாள். நாயகனுக்கு ஒன்றும் தெரியாது, நமக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. கடிதம் கிழிந்த அதே நிமிடத்தில் எனக்குப் பின்னால் மூன்று நாற்காலிகள் நகரும் சத்தம். "அவ்வளவுதான், தெரிஞ்சு போச்சு, இனி என்ன இருக்கு" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு எழுந்து போனார்கள். கதவைக்கூடச் சாத்தவில்லை. வெளியிலிருந்த வெளிச்சம் திரையில் பட்டையாக விழுந்தது. நான்தான் போய்ச் சாத்திவிட்டு வந்தேன்.

இனி என்ன இருக்கு என்று கேட்டீர்களே, இனிமேல்தான் எல்லாமே இருக்கிறது. அதுவரை 'இவள் யார்' என்ற ஒரே கேள்வி. இப்போது, இவனுக்குத் தெரிந்தால் என்ன செய்வான், இவள் அதற்கு முன்னால் சொல்வாளா, செத்துப்போனதாக அவன் நம்பும் காதலியைப் போல இந்த உடையை மாட்டிக்கொள் என்று கேட்கும்போது அவள் மனசு என்ன பாடுபடும் என்று பத்துக் கேள்விகள். மூல நாவலில் இந்த உண்மை கடைசியில்தான் வெளிவரும். ஹிட்ச்காக் அதைத் தெரிந்தேதான் முன்னால் கொண்டுவந்தார். தெரியாத்தனமாகப் போட்டு உடைத்துவிட்டார் என்று நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

1962இல் பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோ எடுத்த நீண்ட பேட்டியில் ஹிட்ச்காக் ஓர் உதாரணம் சொல்கிறார். சினிமா பேசுகிறவர்கள் எல்லோரும் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன உதாரணம்தான், ஆனால் அர்த்தம் தேயவில்லை. இரண்டு பேர் மேஜையில் உட்கார்ந்து சாதாரணமாகப் பேசுகிறார்கள், திடீரென்று மேஜைக்கு அடியில் குண்டு வெடிக்கிறது. பார்ப்பவருக்கு 15 விநாடி அதிர்ச்சி. அதே குண்டு அங்கே இருப்பதையும், எத்தனை மணிக்கு வெடிக்கும் என்பதையும் முதலிலேயே பார்ப்பவருக்குச் சொல்லிவிட்டால், அதே வெட்டிப் பேச்சு 15 நிமிடம் நம்மை நாற்காலி நுனியில் உட்கார வைக்கும். குண்டும் மேஜையும் ஒன்றுதான். நமக்குத் தெரியுமா தெரியாதா என்பது மட்டும்தான் மாறியிருக்கிறது.

மறைப்பதால் வருவது திகைப்பு, சொல்வதால் வருவது பதற்றம். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டு 'ட்விஸ்ட் இல்லாட்டி த்ரில்லரே இல்லை' என்கிறீர்கள்.

இதை நான் ஹிட்ச்காக்கிடம் கற்றுக்கொள்ளவில்லை. என் பாட்டியிடம் கற்றுக்கொண்டேன். கண்ணில் பிரஷர் ஏறி, கவனிக்காமல் விட்டு, கடைசிப் பத்து வருஷம் அவளுக்குப் பார்வையே கிடையாது. ஆனால் இரவில் நான் படம் பார்த்தால் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுவாள். த்ரில்லர் என்றால் உயிர். காதால்தான் பார்த்தாள். வசனம் ஓடிக்கொண்டே இருக்கும்போது பின்னணி இசை சட்டென்று நின்றால், என் முழங்கையைப் பிடித்து, "பாட்டு நின்னு போச்சுடா, யாரோ உள்ள வந்துட்டான்" என்பாள். பெரும்பாலும் வந்திருப்பான். திரையில் என்ன தெரிகிறது என்று அதிகமாகக் கேட்க மாட்டாள். அவள் கேட்பதெல்லாம் ஒரே கேள்விதான்: "அந்தப் புள்ளைக்குத் தெரியுமா?"

தெரியாது பாட்டி என்று சொன்னால் அப்படியே உறைந்து உட்கார்ந்திருப்பாள். தெரியும் என்றால் பெருமூச்சு விட்டுவிட்டு, "அப்ப சமாளிச்சிருவா" என்பாள். யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாது என்கிற இந்த ஒரு கணக்கை வைத்துத்தான் எல்லா த்ரில்லரும் ஓடுகிறது. எழுத்துக்கூட்டிப் படிக்க மட்டும் தெரிந்த ஒருத்தி, படத்தையே பார்க்க முடியாமல், இதைப் பிடித்து வைத்திருந்தாள்.

சரி, உடனே 'ஜாஸ்' படத்தைக் கொண்டு வருவீர்கள். 1975இல் வந்த படம். அதில் சுறாவை வெகுநேரம் காட்டாமல் மறைத்ததால்தானே பயந்தோம் என்று கேட்பீர்கள். அன்றைக்கும் ஒருவர் கேட்டார், என்னைப் பதில் சொல்ல விடவில்லை. இயந்திரச் சுறா உப்புத் தண்ணீரில் அடிக்கடி மக்கர் செய்ததால், படத்தை எடுத்த ஸ்பீல்பெர்க்கால் அதை நினைத்தபடி காட்ட முடியவில்லை என்பது உண்மைதான். ஆனால் மறைத்தது அதன் உருவத்தை மட்டும்தான். அது எங்கே இருக்கிறது என்பதை நமக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறார். ஜான் வில்லியம்ஸின் அந்த இரண்டு ஸ்வர இசை வந்தால் சுறா வருகிறது. பின்பாதியில் சுறாவோடு கட்டிவிட்ட மஞ்சள் பீப்பாய்கள் தண்ணீருக்கு மேலே வந்தால் கீழே அது இருக்கிறது. இரண்டு பையன்கள் அட்டையில் செய்த சுறாவின் முதுகுத் துடுப்பை வைத்துக்கொண்டு கடற்கரையில் எல்லோரையும் பயமுறுத்தும் காட்சி நினைவிருக்கிறதா? அங்கே அந்த இசை வராது. அது சுறா இல்லை, அதனால் இசையும் இல்லை. பார்ப்பவரிடம் கொடுத்த வாக்கைப் படம் காப்பாற்றுகிறது.

மரபு என்று நான் சொல்வது இதைத்தான். நீங்கள் அதற்கு 'டெம்ப்ளேட்' என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். ஓடுகிற கடிகாரம், ஒரே ஒரு வாசல் உள்ள வீடு, கிளம்பாத கார், கடைசி நேரத்தில் செத்துப்போகும் போன். எல்லாம் அரைத்த மாவு என்று அன்றைக்கு விரல் விட்டு எண்ணினீர்கள். 1909இல் அமெரிக்க இயக்குநர் கிரிஃபித் எடுத்த 'தி லோன்லி வில்லா' என்ற குறும்படத்திலேயே இது இருக்கிறது. வீட்டுக்குள் மனைவியும் பெண் பிள்ளைகளும், கதவை உடைக்கும் திருடர்கள், தொலைவில் கணவன், பேச்சின் நடுவே அறுக்கப்படும் டெலிபோன் கம்பி. மூன்று இடங்களையும் மாற்றி மாற்றி வெட்டிக் காட்டுகிறார்கள். அத்தனை காலமாக வேலை செய்கிற ஒன்றைப் பழசு என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. போன் ஏன் வேலை செய்யக் கூடாது? வேலை செய்தால், நமக்குத் தெரிந்தது உதவிக்கு வர வேண்டியவனுக்கும் தெரிந்துவிடும். கதை முடிந்தது. செய்தியைத் தடுத்து நிறுத்தத்தான் இந்த ஏற்பாடுகள் எல்லாம். சோம்பேறித்தனமாகச் செய்த படங்களும் நிறைய உண்டு, மறுக்கவில்லை. அதற்காகக் கருவியைக் குறை சொல்லக் கூடாது.

இந்த மரபுகளை மீறினால் என்ன ஆகும் என்பதற்கும் ஹிட்ச்காக்கே சாட்சி. 1936இல் எடுத்த 'சபோட்டாஜ்' படத்தில் ஒரு சிறுவன், கையில் இருப்பது வெடிகுண்டு என்று தெரியாமல் ஊர் முழுக்கச் சுமந்து போகிறான். நமக்குத் தெரியும். வழியில் வேடிக்கை பார்த்து நிற்கிறான், பஸ் தாமதமாகிறது, கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். கடைசியில் குண்டு வெடித்துப் பையன் செத்துவிடுகிறான். அது தப்பு என்று பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார். அவ்வளவு நேரம் பதறவைத்துவிட்டு அந்தப் பதற்றத்துக்கு விடுதலை தராமல் போனால், பார்ப்பவர் கோபப்படத்தான் செய்வார்.

கொலையாளி யார் என்று தேடும் கதைகள் தனிச் சுகம், இல்லை என்று சொல்லவில்லை. 1954இல் எஸ். பாலசந்தர் பாட்டே இல்லாமல் எடுத்த 'அந்த நாள்' எனக்கும் பிடிக்கும். யார் சுட்டது என்பது முதல் தடவையோடு தெரிந்துவிட்டது. அப்புறமும் பலமுறை பார்த்திருக்கிறேன். வெறும் புதிராக இருந்தால் விடை தெரிந்த பிறகு ஏன் பார்க்க வேண்டும்?

"அப்படியானால் யாராவது கதையைச் சொல்லிவிட்டால் மட்டும் ஏன் கோபப்படுகிறாய்" என்று ஒருவர் கேட்டார். எப்போது சொல்வது என்று முடிவு செய்கிற உரிமை இயக்குநருடையது, பக்கத்து சீட்டுக்காரருடையது இல்லை. 1960இல் 'சைக்கோ' வந்தபோது, படம் தொடங்கிய பிறகு யாரையும் உள்ளே விடக் கூடாது என்று தியேட்டர்களுக்குக் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். அதே படத்தில், சதுப்பில் முழுகும் கார் பாதியில் ஒரு கணம் நின்றுவிடும். ஐயோ முழுகவில்லையே என்று நாமே தவிப்போம். தடயத்தை மறைக்கிறவன் பக்கம் நம் மனம் போய்விட்டது அப்போதுதான் உறைக்கும். நமக்கு எல்லாம் தெரிந்திருப்பதால் வந்த தவிப்பு அது.

உங்களுக்குப் படம் பிடிக்காமல் போனதில் எனக்கு வருத்தம் இல்லை. எழுந்து போனதில்கூட இல்லை. "கிழவிகளுக்குப் போட வேண்டிய படம்" என்று கதவருகே நின்று ஒருவர் சொன்னாரே, அதுதான் மூன்று நாளாகத் தூங்க விடவில்லை.

ஆமாம், ஒரு கிழவிக்குப் போட்ட படம்தான். பாட்டியோடு சேர்ந்து நான் கடைசியாகப் பார்த்தது இந்தப் படம். எழுந்து போன மூன்று பேருக்கும் அது தெரியாது.

அப்போது அவள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். டாக்டர் அப்பாவையும் சித்தப்பாவையும் வராந்தாவுக்குக் கூப்பிட்டு இன்னும் எத்தனை நாள் என்று சொல்லிவிட்டார். அவளிடம் யாரும் சொல்லக் கூடாது என்று வீட்டில் முடிவெடுத்தார்கள். ஒவ்வொருவராக உள்ளே போய், வீட்டுக்குப் போனதும் அதைச் செய்யலாம் இதைச் செய்யலாம் என்று சாதாரணமாகப் பேசிவிட்டு வந்தோம். மேஜைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று எங்களுக்கெல்லாம் தெரியும்.

அன்று இரவு ஏதாவது போடு என்றாள். போனில் போட்டு, ஹெட்போனை ஆளுக்கொரு காதில் மாட்டிக்கொண்டோம். அவளுக்காக வசனத்தைத் தமிழில் மெதுவாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். கடிதம் எழுதும் இடம் வந்தது. பேனா ஓடுகிறது, அப்புறம் காகிதம் கிழிகிறது. அவள் வழக்கமான கேள்வியைக் கேட்பாள் என்று பதிலோடு காத்திருந்தேன்.

கேட்கவில்லை. என் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு, "மேல சொல்லு" என்றாள்.

வரும் ஞாயிறு அதே இடத்தில், அதே நேரத்தில், கடிதக் காட்சியிலிருந்து மிச்சப் படத்தைப் போடுகிறேன். எழுந்து போன மூன்று பேரும் வரலாம். நான் ஒன்றும் பேச மாட்டேன்.