விளக்கு அண்டாவுக்குள் போகவில்லை, சார்

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வியாபாரிகள் வாட்ஸ்அப் குரூப்பில் நடந்ததை உங்களில் பாதிப் பேர் பார்த்திருப்பீர்கள். மீதிப் பேருக்கு ஸ்கிரீன்ஷாட் இந்நேரம் வந்து சேர்ந்திருக்கும். கும்பகோணத்தில் இதெல்லாம் டிகிரி காபி ஆறுவதற்குள் ஊரைச் சுற்றிவிடும்.

“ஓசி ஆபீஸ்ல சீர் லிஸ்ட் போட்டா குத்துவிளக்கு அண்டாவுக்குள்ளதான் போகும்” என்று எழுதியவருக்கு 47 சிரிப்பு. ஆமாம், எண்ணினேன். என் பாத்திரக்கடையிலிருந்து அனுப்பிய கல்யாணச் சீர் லிஸ்ட் அவர் கணினியில் வரி கலைந்து திறந்ததைப் படம் பிடித்துப் போட்டிருந்தார். ஓசி ஆபீஸ் என்று அவர் சொன்னது, அதை நான் அடித்த லிப்ரே ஆபீஸ் என்ற இலவச மென்பொருளை.

என் தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தச் சீர்வரிசை எஸ்டிமேட்டை நான் பிடிஎஃப் ஆக அனுப்பியிருக்க வேண்டும். லிப்ரே ஆபீஸ் ரைட்டரில் அதற்கு மேலேயே பொத்தான் இருக்கிறது, ஒரே அழுத்து. அவசரத்தில் டாக்எக்ஸ் என்ற வேர்டு கோப்பாகவே அனுப்பிவிட்டேன். நான் போட்டிருந்த தமிழ் எழுத்துரு அவர் கணினியில் இல்லை. வரி நகர்ந்து, குத்துவிளக்கின் எடை அண்டாவின் விலைக்கு மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. பார்க்க அசிங்கமாகத்தான் இருந்தது. ஆனால் அதே எழுத்துருவைப் போட்டு, காசு கொடுத்து வாங்கிய மைக்ரோசாஃப்ட் ஆபீஸிலிருந்து அனுப்பியிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். பதினைந்து வருடம் முன்னால் பாமினி எழுத்தில் அடித்த கடிதத்தைப் பாமினி இல்லாத கணினியில் திறந்து பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சரி, இப்போது அந்த ஸ்கிரீன்ஷாட்டை இன்னொரு தடவை திறந்து பாருங்கள். விளக்கை விடுங்கள், அண்டாவை விடுங்கள். மேலே பாருங்கள். பாதி வெட்டுப்பட்டு ஒரு பட்டை தெரிகிறதா? ‘உங்கள் உரிமம் அசல் அல்ல’ என்று ஆங்கிலத்தில் போட்டிருக்கிறதே, அதுதான். திருட்டு ஆபீஸில் என் கோப்பைத் திறந்து, அதைப் படம் பிடித்து, என்னை ஓசி என்கிறார் நண்பர். இதற்கு 47 பேர் சிரித்தார்கள். ஒருவர் கண்ணிலும் அந்தப் பட்டை படவில்லை. படாது. எல்லார் கணினியிலும் அது இருக்கிறது, பழகிவிட்டது.

என் கணினியில் அது இல்லை. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான், ஆனால் இதோடு நிறுத்த மனசு வரவில்லை.

கணினி வாங்கிய கதை தெரியும் உங்களுக்கு. பழையது விண்டோஸ் 10. அதற்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது, 11-ஐ ஏற்றிக்கொள்ள அந்தக் கிழத்துக்குத் தெம்பில்லை. புதிது வாங்கப் போன இடத்தில் பையன் நல்ல பையன்தான். “எல்லாம் போட்டுத் தரேன் சார். ஆபீஸ், போட்டோஷாப், எது வேணுமோ சொல்லுங்க. ஐநூறு ரூபா குடுங்க போதும். ஆன்டிவைரஸ மட்டும் பத்து நிமிஷம் ஆஃப் பண்ணிக்கறேன்” என்றான். அந்தக் கடைசி வாக்கியம் கேட்டதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

ஏனென்றால் அதே வாக்கியத்தை நான் ஏற்கெனவே ஒரு தடவை கேட்டு, தலையாட்டி, அனுபவித்திருக்கிறேன். சில வருடம் முன்னால் ஒரு ஆவணி மாதம். முகூர்த்தம் முகூர்த்தமாக ஆர்டர். காலையில் கடை திறந்து கணினியைப் போட்டால் கோப்புகள் எல்லாம் வெள்ளைக் காகிதம் மாதிரி நிற்கின்றன, பெயருக்குப் பின்னால் வாயில் நுழையாத எழுத்துகள். நடுவில் ஒரே ஒரு கோப்பு மட்டும் திறந்தது. கோப்புகள் திரும்ப வேண்டுமானால் பிட்காயினில் பணம் அனுப்பு என்றது. மூன்று வருடப் பாக்கிக் கணக்கு அந்தத் திறக்காத கோப்புகளில் இருந்தது. அந்த வைரஸ், அப்போது போட்டுக்கொண்ட திருட்டு ஆபீஸ் வழியாகத்தான் வந்தது என்று என்னால் நிரூபிக்க முடியாது. காவல்காரனைப் பத்து நிமிஷம் வெளியே அனுப்பிவிட்டு உள்ளே யாரை விட்டோம் என்று யோசித்தால் எனக்கு வேறு பதில் வரவில்லை.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. பரணில் ஏறி, சிவப்புத் துணி அட்டை போட்ட சிட்டையை எடுத்து வந்து தட்டினார். நான் கணினி வாங்கிய பிறகும் அவர் பாட்டுக்கு அதில் தினமும் எழுதிக்கொண்டிருந்தார் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அடுத்த பதினோரு நாள் அவர் வாசிக்க வாசிக்க நான் அடித்தேன்.

இப்போது குரூப்பில் வந்த அறிவுரைகளுக்கு வருகிறேன்.

“அண்ணே, எக்செல் மாதிரி வராதுண்ணே.” தம்பி, எனக்கு என்ன வர வேண்டும் என்று கேட்டாயா? பில் போடத் தனி மென்பொருள் இருக்கிறது. ஆபீஸில் எனக்கு மூன்று வேலை. ஒன்று, விலைத்தாள்: பித்தளை, செம்பு, எவர்சில்வர் கிலோ விலையை மேலே ஒரு கட்டத்தில் மாற்றினால் கீழே இருநூற்றுச் சொச்சம் உருப்படிக்கும் எடையோடு பெருக்கி வர வேண்டும். வருகிறது. எவர்சில்வருக்கு 7323, பித்தளை செம்புக்கு 7418, அலுமினியத்துக்கு 7615 என்று ஜிஎஸ்டிக்கான சரக்கு வகை எண் (எச்எஸ்என்) பக்கத்தில் நிற்க வேண்டும். நிற்கிறது. லட்சத்துக்குக் கமா நம் ஊர்க் கணக்குப்படி விழ வேண்டும். விழுகிறது. இரண்டாவது, சீர் லிஸ்ட். மூன்றாவது, பார்சலில் ஒட்ட விலாசம். கடையில் வேலை பார்க்கும் பெண் பிளஸ் டூ முடித்தவர். இரண்டு நாளில் பிடித்துக்கொண்டார். சேமிக்கும்போது எக்செல் வடிவத்திலேயே போகிற மாதிரி அமைப்பையும் அவர்தான் மாற்றி வைத்தார்.

“ஜிஎஸ்டி ஆஃப்லைன் தாள் அதில் ஓடாதே?” ஓடாது. ஜிஎஸ்டி கணக்குக் காட்டும் 3பி தாளில் இருக்கும் மேக்ரோவுக்கு, அதாவது தானாக ஓடும் கட்டளைகளுக்கு, எக்செல்தான் வேண்டும். அதை ஆடிட்டர் பார்த்துக்கொள்கிறார். அடுத்தது.

“ஜோஹோ இருக்கே, நம்ம ஊர்க்காரங்க கம்பெனி.” இருக்கிறது, நல்லதுதான், தென்காசிப் பக்கத்திலும் ஆபீஸ் வைத்திருக்கிறார்கள் என்றால் எனக்கும் பெருமைதான். ஆனால் அது இன்டர்நெட்டை நம்பி ஓடுவது, எங்கள் தெருவில் மழைத் தூறல் விழுந்தால் இன்டர்நெட் போய்விடும். கல்யாண வீட்டார் பத்துப் பேர் ஜமக்காளத்தில் உட்கார்ந்து விலை கேட்கும்போது நான் சுற்றுகிற வட்டத்தைக் காட்டிக்கொண்டிருக்க முடியாது.

“காசு கொடுத்து வாங்கிட்டுப் போறதுதானே?” இது நியாயமான கேள்வி. வாங்குகிறவர்கள் தாராளமாக வாங்கட்டும். ஒன்று மட்டும் தெரிந்துகொண்டு வாங்குங்கள்: மைக்ரோசாஃப்ட் 365 பெர்சனல் மாதிரி வீட்டுக்கான சந்தாவைக் கடை வேலைக்குப் பயன்படுத்த அவர்கள் விதி இடம் கொடுப்பதில்லை. கடைக்கு என்றால் வேறு சந்தா. வருஷா வருஷம் கட்ட வேண்டும். மூன்று வேலைக்கு வருஷா வருஷம் கட்டுவதா என்று யோசித்தேன். இதற்குப் பெயர் கஞ்சத்தனம் என்றால் வியாபாரம் என்பதற்கு உங்கள் அகராதியில் என்ன பெயர்?

ஓசி என்கிறீர்களே, அது எங்கிருந்து வந்தது தெரியுமா? 1985-இல் ஜெர்மனியில் மார்கோ போரீஸ் என்ற பையன் தொடங்கிய கம்பெனி. லிப்ரே ஆபீஸுக்கு முன்னோடியான ஸ்டார் ஆபீஸ் அங்கேதான் வளர்ந்தது. 1999-இல் அமெரிக்காவின் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் அந்தக் கம்பெனியையே வாங்கி, அடுத்த வருடம் நிரலை உலகத்துக்குத் திறந்துவிட்டது. 2010-இல் சன், ஆரக்கிள் என்ற இன்னொரு கம்பெனி கைக்குப் போனதும் அந்த மென்பொருளில் வேலை செய்தவர்களில் பலர் பிரிந்து வந்து லிப்ரே ஆபீஸைத் தொடங்கினார்கள். எடுத்துக்கொள் என்று கொடுத்தார்கள், எடுத்துக்கொண்டேன். கோயில் பிரசாதத்தை வாங்கிச் சாப்பிடுகிறவனை யாரும் ஓசி என்பதில்லை. ஜெர்மனியில் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் என்ற மாநில அரசு 30,000 கணினிகளை இதற்கு மாற்றப்போவதாக 2024-இல் அறிவித்தது. அங்கேயும் கஞ்சர்கள் போலிருக்கிறது.

அப்புறம், பட்டைக்காரர்களுக்கு ஒரு தகவல். பதிப்புரிமைச் சட்டம் 63பி பிரிவு. தெரிந்தே திருட்டு மென்பொருளைக் கணினியில் பயன்படுத்தினால் குறைந்தது 7 நாள், அதிகபட்சம் 3 வருடம் சிறை. அபராதம் 50,000 முதல் 2 லட்சம் வரை. லாபத்துக்கோ வியாபாரத்துக்கோ இல்லை என்றால் நீதிமன்றம் சிறையைத் தவிர்க்கலாம் என்று சலுகை உண்டு. நாம் வியாபாரிகள். சலுகை நமக்கில்லை. நான் யாரையும் மிரட்டவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்த 47 பேருக்கும் தெரிந்திருக்கட்டும் என்று சொல்கிறேன்.

நம் கடையிலிருந்து ஒரு சொம்பை மடியில் கட்டிக்கொண்டு போனால் என்ன பண்ணுவோம்? அதே ஆள், ஓரமாக நின்று தண்ணீர்ப் பானையில் தண்ணீர் குடித்தவனைப் பார்த்து ஓசி என்று கத்தினால்?

இதெல்லாம்கூட நான் எழுதியிருக்க மாட்டேன். ஓசி, கஞ்சன், எதுவானாலும் கேட்டுக்கொண்டு போயிருப்பேன். அதற்கு அடுத்து ஒரு வரி வந்ததே. “அப்பா காலத்துலேருந்தே அப்படித்தான்.” பத்து நிமிஷத்தில் அழித்துவிட்டார். நான் ஒன்பதாவது நிமிஷத்தில் படித்துவிட்டேன்.

அப்பாவின் சிட்டையைப் பதினோரு நாள் அடித்தேன் என்றேன் இல்லையா. ஏழாவது நாளோ எட்டாவது நாளோ ஒரு பக்கம். ஒரு கல்யாணச் சீர். நாச்சியார்கோயில் குத்துவிளக்கு ஒரு ஜோடி, அண்டா, தவலை, குடம், தாம்பாளம் என்று முழுப் பக்கம். பாதிதான் வரவு. மீதிக்கு மேல் அப்பா ஒரு கோடு இழுத்திருந்தார். என்னப்பா இது, அடிக்கணுமா என்றேன். “அது முடிஞ்சுபோச்சு, அடுத்த பக்கம் போ” என்றார். யார் வீட்டுச் சீர் என்று நான் இங்கே சொல்லப்போவதில்லை. வரி மாறிப்போனதைப் பார்த்துச் சிரித்தவருக்கு அந்த விளக்கு இப்போது எந்த வீட்டில் எரிகிறது என்று தெரியும்.

கமென்ட்டில் வந்து “விடுங்கண்ணே, விளையாட்டுக்குச் சொன்னது” என்று எழுதப் போகிறவர்கள் எழுதுங்கள். நான் பதில் போடுவதாக இல்லை.

சம்பந்தப்பட்ட கல்யாண வீட்டுக்கு அன்று ராத்திரியே பிடிஎஃப் அனுப்பிவிட்டேன். காலையில் பெண்ணின் மாமா கூப்பிட்டார். குத்துவிளக்கு சரியாம், அண்டா மட்டும் இன்னும் பெரிதாக வேண்டுமாம். 14-ஆவது வரியில் எடையை மாற்ற வேண்டும், போகிறேன்.