கடல் இல்லாத ஊரிலிருந்து ஒரு கடற்கரைச் சட்டக் கோரிக்கை

தமிழ்நாட்டுக் கடற்கரையைக் காக்கத் தமிழ்நாடு சட்டமன்றமே முழுமையான சட்டம் ஒன்றை இயற்ற வேண்டும். மதுரைக்காரனுக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்பவர்கள், ஒருநாள் உலகனேரியில் உயர் நீதிமன்றக் கிளையின் வாசலில் போய் நின்று பார்க்கட்டும். 2004 முதல் ராமநாதபுரம், தூத்துக்குடி, கன்னியாகுமரி மீனவர்களின் வழக்குகள் இங்கேதான் வருகின்றன. ஒருநாள் கூலியை விட்டுவிட்டு விடியும் முன்பே மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையத்தில் வந்து இறங்குகிறார்கள். அதே மாட்டுத்தாவணிச் சந்தையில் அவர்கள் கரையின் மீனை வாங்கித் தின்கிற நாம், அவர்கள் எதற்காக வந்தார்கள் என்றுகூடக் கேட்பதில்லை.

இன்று நம் கரைக்கு இருக்கும் முதன்மையான காவல், சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) சட்டத்தின் கீழ் மத்திய அரசு வெளியிடும் கடற்கரை ஒழுங்காற்று மண்டல அறிவிக்கைதான். 1991இல் முதலில் வந்தது. பலமுறை திருத்தினார்கள். 2011இல் புதியது வந்தது, 2019இல் இன்னொன்று. இவற்றை மாற்றுவதற்கு நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்பு தேவையில்லை, அமைச்சகம் அரசிதழில் வெளியிட்டாலே போதும். ஊரகக் கரைகளில் உயர் ஓதக் கோட்டிலிருந்து, அதாவது ஏற்றத்தின்போது கடல்நீர் எட்டும் எல்லையிலிருந்து, 200 மீட்டர்வரை கட்டடம் கூடாது என்று இருந்தது. ஒரு சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் இடங்களில் அதை 50 மீட்டராகச் சுருக்க 2019 அறிவிக்கை வழி செய்தது. அவ்வளவு நெருக்கமாக மக்கள் வாழும் ஊரகக் கரை எது? பெரும்பாலும் மீனவர் குடியிருப்புதான். மீனவர் வீடு கட்டிக்கொள்ளத்தான் இந்தத் தளர்வு என்றார்கள். அப்படியானால் அதை மீனவர் வீட்டுக்கு மட்டும் என்று எழுதியிருக்கலாமே!

நீதிமன்றத்தில் வென்றாலும் அந்த வெற்றி நிலைக்குமா என்பதற்கு நம் ஊரோடு தொடர்புடைய ஒருவரின் கதையே சாட்சி. மதுரை அமெரிக்கன் கல்லூரியில் படித்தவர் சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன். கீழைக் கரையில் இறால் பண்ணைகள் குடிநீரையும் வயலையும் உப்பாக்கியபோது உச்ச நீதிமன்றம்வரை போனார். 1996 டிசம்பர் 11 அன்று, ஒழுங்காற்று மண்டலத்துக்குள் இருக்கும் இறால் பண்ணைகளை, பாரம்பரிய முறையிலானவை தவிர, அகற்ற வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. 2005இல் நாடாளுமன்றம் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டத்தை நிறைவேற்றி, 1991 முதலே செல்லும்படி பின்தேதியிட்டு அந்தத் தொழிலுக்கு ஒழுங்காற்று மண்டல விதியிலிருந்து விலக்கு கொடுத்துவிட்டது. முதிய வயதில் ஒரு மனிதர் போராடி வாங்கிய தீர்ப்பை ஒரே சட்டப்பிரிவில் கரைத்துவிட்டார்கள். இன்றும் என்னால் இதை ஆத்திரமில்லாமல் எழுத முடியவில்லை.

இப்போது தண்டனையும் போய்விட்டது. சுற்றுச்சூழல் சட்டத்தை மீறினால் ஐந்து ஆண்டுவரை சிறை என்று இருந்ததை 2023இல் திருத்தி, 10,000 முதல் 15 லட்சம் ரூபாய்வரை அபராதம் என்று ஆக்கினார்கள். அதைக் கட்டத் தவறினால்தான் சிறை. கோடிகளில் விடுதி கட்டுகிறவருக்கு 15 லட்சம் கட்டுமானக் கணக்கில் இன்னொரு செலவு, அவ்வளவுதான்.

மண்டபம் பக்கம் ஒரு கிராமத்தில் இதைக் கண்ணால் பார்த்தேன். மீனவர் கொட்டகையான வாடியிலிருந்து தண்ணீர்வரை போன பாதையின் குறுக்கே ஆளுயரத்துக்கு மேல் ஒரு சுற்றுச்சுவர், உச்சியில் கண்ணாடித் துண்டுகள். கருவாடு காயப்போடும் மணல் சுவருக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. பெண்கள் ஈரக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு சுவரைச் சுற்றி நடக்கிறார்கள். ஊர்ப் பெரியவர் ஒரு பிளாஸ்டிக் உறையைப் பிரித்தார். உள்ளே குறைதீர்க்கும் நாளில் கொடுத்த மனுக்களின் ரசீதுகள், மடிப்பில் மடிப்பில் கிழிந்திருந்தன. கூடவே ஒரு வரைபடம், ஆங்கிலத்தில். எந்தக் கோட்டுக்குள் தன் வீடு இருக்கிறது என்று என்னிடம் கேட்டார். சர்வே எண் இல்லாத அந்தப் படத்தில் எனக்கும் விளங்கவில்லை. மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவில் கரையோர மக்களின் பிரதிநிதிகள் மூன்று பேராவது இருக்க வேண்டும் என்று 2011 அறிவிக்கையே சொல்கிறது. தங்கள் ஊரிலிருந்து அப்படி யாரையும் கூப்பிட்டதில்லை என்றார்.

நிலமும் உள்ளாட்சியும் மாநிலப் பட்டியலில்தான் இருக்கின்றன. மலைப் பகுதிகளில் கட்டடம் கட்ட மாநில அரசு தனி விதிகள் வைத்திருக்கிறது, கரைக்கு ஏன் கூடாது? சர்வே எண்ணோடு கூடிய தமிழ் வரைபடம் ஒவ்வொரு ஊராட்சி அலுவலகத்திலும் தொங்க வேண்டும். புகார் வந்தால் இத்தனை நாளுக்குள் ஆய்வு, இத்தனை நாளுக்குள் அகற்றம் என்று சட்டத்திலேயே எழுத வேண்டும், தவறும் அதிகாரி பதில் சொல்ல வேண்டும். வலை உலர்த்தும் இடமும் படகு ஏற்றும் இடமும் கருவாட்டு மணலும் ஊரின் பொது நிலமாகப் பதிவாக வேண்டும். கிராமசபை இசைவில்லாமல் அதில் ஒரு செங்கல்கூட விழக் கூடாது.

தாமதித்தால் என்ன ஆகும் என்பதை மன்னார் வளைகுடா காட்டிவிட்டது. அங்கிருந்த 21 தீவுகளில் விலாங்குசல்லி, பூவரசன்பட்டி இரண்டும் நீருக்குள் போய்விட்டன. சுற்றியிருந்த பவளப்பாறையைப் பல காலம் வெட்டி எடுத்ததே அதற்கு முக்கியக் காரணம். பிறகு தடை கடுமையானாலும் வெட்டியவை வெட்டியவைதான்.

மதுரை மாவட்டத்தில் பத்து சட்டமன்றத் தொகுதிகள் இருக்கின்றன, ஒன்றிலும் கடல் இல்லை. ஆனால் சட்ட முன்வடிவு வந்தால் அந்தப் பத்துப் பேரும் வாக்களிப்பார்கள். என் தொகுதி உறுப்பினருக்கு மேலே சொன்னதையெல்லாம் கடிதமாக எழுதி அனுப்பிவிட்டேன். அதன் நகல் வேண்டுவோர் கேளுங்கள், தருகிறேன். பெயரையும் தொகுதியையும் மாற்றி உங்கள் உறுப்பினருக்கு அனுப்புங்கள்.